மக்காச்சோளக் கதிரில் ஒரு பைப்: அப்பாவியாகத் தெரியும் ஒரு பொருளின் வரலாறு

1/
1945 ஆகஸ்ட் 30. ஜப்பானின் அட்சுகி விமானதளம். விமானத்தில் இருந்து இறங்குகிறார் ஓர் அமெரிக்க ஜெனரல். கண்ணில் கறுப்புக் கண்ணாடி, வாயில் நீளமான ஒரு பைப். அவர் டக்ளஸ் மெக்ஆர்தர். இரண்டாம் உலகப்போர்னு சொன்னதும் நிறைய பேருக்கு நினைவுக்கு வரும் படங்களில் அதுவும் ஒண்ணு.

2/
அந்த பைப் எதில் செஞ்சது தெரியுமா? மக்காச்சோளக் கதிரில் முத்தையெல்லாம் உதிர்த்த பிறகு கையில் மிஞ்சுமே, அந்த நடுத்தண்டில். கார்ட்டூன் பாப்பாய் வாயில் எப்பவும் இருக்குமே, அதையும் இந்த ரகம்னுதான் சொல்வாங்க. நம்ம பக்கம் பழைய ஆட்கள் பைப்பை சுங்கான்னு சொல்வாங்க. இது சோளக்கதிர் சுங்கான்.

3/
சரி, ஒரு டாக்டர் எதுக்கு இதைப் பத்தி எழுதணும்? "சிகரெட்தானே டாக்டர் கெட்டது, பைப் புகையை யாரும் உள்ளே இழுக்கிறதில்லையே, அது சேஃப்தானே?" இந்தக் கேள்வி இன்னும் வந்துக்கிட்டே இருக்கு. இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்ததுன்னு தெரிஞ்சுக்க, சோளக்கதிர் பைப்பின் கதையே போதும். கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா வாங்க.

4/
மக்காச்சோளம், புகையிலை ரெண்டுமே அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். மக்காச்சோளத்தை மெக்சிகோ பகுதி மக்கள் சுமார் 9,000 வருஷத்துக்கு முன்னாடியே பயிராக்கிட்டாங்க. புகையிலையை பைப்பில் வைத்துப் புகைப்பது அங்குள்ள பூர்வகுடிகளிடம் பெரும்பாலும் சடங்கோடு சேர்ந்தது. 1492ல் கொலம்பஸ் போன பிறகுதான் ரெண்டும் கப்பலேறி உலகம் முழுக்கப் பரவின.

5/
ஐரோப்பாவில் முதலில் பரவலானது களிமண் பைப். மலிவு, ஆனா சீக்கிரம் உடையும், சூடும் அதிகம். பல வருஷம் ஒரே இடத்தில் கடிச்சுப் பிடிச்சு, பல்லில் வட்டமா ஓட்டை விழுந்த எலும்புக்கூடுகள் பழைய கல்லறைகளில் கிடைச்சிருக்கு. மேல்பல்லையும் கீழ்பல்லையும் சேர்த்து வைச்சா பைப் நுழையும் அளவுக்கு ஒரு துளை தெரியும்.

6/
பணக்காரங்களுக்கு மீர்ஷாம் பைப். ஜெர்மன் மொழியில் அதுக்கு 'கடல் நுரை'ன்னு அர்த்தம். துருக்கியில் கிடைக்கும் வெள்ளையான, எடை குறைஞ்ச ஒரு கனிமம். நுண்துளைகள் நிறைய இருப்பதால் ஈரத்தை உறிஞ்சும், கையில் சுடாது. விலைதான் ஜாஸ்தி. அப்புறம் 19ஆம் நூற்றாண்டில் பிரையர் எனும் மத்தியதரைக்கடல் புதர்ச்செடியின் வேர்முடிச்சில் செஞ்ச பைப் வந்தது.

7/
ஏழை விவசாயி என்ன பண்ணுவான்? வயல்ல கிடக்கும் சோளக்கதிரை எடுத்து, நடுவில் இருக்கும் மெத்துனு இருக்கும் பகுதியைக் குடைஞ்சு, பக்கத்தில் ஒரு நாணல் குச்சியைச் சொருகிடுவான். காசே செலவில்லாத பைப். அமெரிக்கக் கிராமங்களில் இது சகஜம்.

8/
இதை வியாபாரமா மாத்தினவர் ஹென்றி டிபி. நெதர்லாந்தில் இருந்து குடியேறிய மரக்கடைசல்காரர். மிசௌரி மாநிலத்தில் வாஷிங்டன் என்ற சின்ன ஊர். (தலைநகர் இல்லீங்க, இது வேற.) ஒரு விவசாயி தான் செதுக்கிய கதிர் பைப்பைக் கொண்டு வந்து, "இதைக் கொஞ்சம் கடைஞ்சு நேர்த்தியா ஆக்கிக் கொடுங்க"ன்னு கேட்டதா அந்த ஊரில் ஒரு கதை. வருஷம் 1869. அதைப் பார்த்து டிபி இன்னும் சில செஞ்சு கடையில் வைக்க, உடனே வித்துப் போச்சாம்.

9/
ஒரு சிக்கல் இருந்தது. கதிரின் வெளிப்பக்கம் முழுக்கக் குழி. டிபி அதில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசி, காய வைச்சு, வழவழப்பாக் கடைஞ்சார். எலும்பு முறிஞ்சா நாங்க போடும் மாவுக்கட்டு இருக்கே, அதே பொருள்தான்! 1878ல் இதுக்குக் காப்புரிமையும் வாங்கினார்.

10/
அடுத்து அவர் செஞ்சதுதான் கெட்டிக்காரத்தனம். பேரு வைச்சார்: 'மிசௌரி மீர்ஷாம்'. வயல் கழிவுக்குப் பணக்காரப் பொருளின் பெயர். "இதுவும் ஈரத்தை உறிஞ்சும், இதுவும் சூடாகாது, விலை மட்டும் சில்லறைக் காசு." 1907ல் கம்பெனியின் பெயரே அதுவாச்சு. 1925 வாக்கில் அந்த வட்டாரத்தில் மட்டும் சுமார் பன்னிரண்டு கதிர் பைப் கம்பெனிகள். டிபியின் கம்பெனி இன்னும் அதே ஊரில் ஓடுது.

11/
இதுக்குன்னே தடிமனான நடுத்தண்டு வரும் தனி மக்காச்சோள ரகத்தை விவசாயிகள் பயிரிடறாங்க. கதிரை ரெண்டு வருஷம் வரை காய வைச்சுதான் கடைசலுக்குக் கொண்டு போவாங்க. பைப் புகைப்பவர்கள் புதுசா வர்றவங்களுக்கு எப்பவும் சொல்றது: "முதல்ல ஒரு கதிர் பைப் வாங்கு. சுவர் தடிமனா இருக்கா பாரு. புகைத்துளை கிண்ணத்தின் அடியில் சரியா வந்து சேருதா பாரு. கெட்டுப்போனா தூக்கிப் போடு, நஷ்டம் கொஞ்சம்தான்." ஆக, இது தலைமுறை தலைமுறையா 'பழகுறவங்களுக்கான' பைப்.

12/
பழகுறதுன்னா? அதுக்கு ஒரு பாடமே இருக்கு. புகையிலையை மூணு தடவையா நிரப்பணும்: முதலில் குழந்தை கை மாதிரி மென்மையா, அடுத்து பெண் கை மாதிரி, கடைசியா ஆண் கை மாதிரி அழுத்தி. ஒரு தடவை பத்த வைச்சு மேல்பகுதியைக் கருக்கி, தட்டி, மறுபடி பத்த வைக்கணும். மெதுவா உறிஞ்சணும். அவசரப்பட்டா நாக்கு எரியும். அதுக்கு 'நாக்குக் கடி'ன்னே பேரு வைச்சிருக்காங்க.

13/
இப்ப டாக்டர் கண்ணோட இதே பாடத்தைப் பாருங்க. நாக்கு எரிவது ஏன்? சூடான நீராவியும் புகையும் வாயின் மென்தோலைச் சுடுது. முதல் தடவை குமட்டல், வியர்வை, தலைசுத்தல் ஏன்? நிகோடின் மூளையில் வாந்தியைத் தூண்டும் பகுதியைத் தட்டுது. "இது விஷம், வெளியே போ"ன்னு உடம்பு கத்துது. கொஞ்ச நாளில் அது நின்னுடும். 'பழகிடுச்சு'ன்னு நாம சொல்வோம். மருத்துவத்தில் அதுக்குச் 'சகிப்புத்தன்மை'ன்னு பேரு. அடிமைத்தனமும் அதோடயே வளரும்.

14/
"உள்ளே இழுக்காட்டி நிகோடின் எப்படி ஏறும்?" நல்ல கேள்வி. சிகரெட் புகை கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது. அந்த நிகோடின் வாய்த்தோல் வழியா அவ்வளவா ஏறாது, நுரையீரலுக்குப் போனாத்தான் ஏறும். காற்றில் உலர்த்திய புகையிலையின் புகை காரத்தன்மை உள்ளது. பைப்பிலும் சுருட்டிலும் அதிகம் போவது அதுதான். அந்த நிகோடின் வாயில் இருந்தபடியே ரத்தத்தில் கலக்கும். அதனால்தான் பைப்காரர் இழுக்கத் தேவையில்லை. வாயே போதும்.

15/
நம்ம சுருட்டுக்கும் இதே வேதியியல்தான். ஆங்கிலத்தில் 'செரூட்'னு சொல்றாங்களே, அது நம்ம 'சுருட்டு' என்ற சொல்லில் இருந்து போனது. "தாத்தா சுருட்டுதான் பிடிச்சார், உள்ளே இழுக்கல"ங்கிற சமாதானமும் பைப் சமாதானமும் அண்ணன் தம்பி.

16/
வாயே போதும்னா, அடி வாங்குவதும் முதலில் வாய்தான். 1775ல் லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கி சுத்தம் செய்யும் தொழிலாளிகளின் விதைப்பைத் தோலில் வரும் புற்றுக்குக் கரிதான் காரணம்னு எழுதினார். 1795ல் ஜெர்மன் மருத்துவர் சோமெரிங், பைப் புகைப்பவர்களுக்கு உதட்டுப் புற்று அதிகம்னு எழுதினார். டிபி கடைசலில் கைவைக்க இன்னும் 74 வருஷம் இருந்தது! எச்சரிக்கை முதலில் வந்தது, 'ஏழையின் மீர்ஷாம்' பிறகுதான் வந்தது.

17/
அப்புறம் ஏன் யாரும் பயப்படல? 20ஆம் நூற்றாண்டில் சிகரெட் வந்து எல்லாரையும் தாண்டிப் போச்சு. நுரையீரல் புற்று மளமளன்னு ஏறுச்சு. மருத்துவ உலகத்தின் கவனம் முழுக்க அங்கே. பக்கத்தில் நின்ன பைப், தாத்தா மாதிரி, பேராசிரியர் மாதிரி, சாந்தமாத் தெரிஞ்சது.

18/
1964 ஜனவரி 11. அமெரிக்க சர்ஜன் ஜெனரல் லூதர் டெர்ரியின் புகழ்பெற்ற அறிக்கை வெளியானது. சிகரெட் நுரையீரல் புற்றை உண்டாக்குதுன்னு அரசே சொன்ன நாள். அதே அறிக்கையில் பைப் பத்தி ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு: பைப் உதட்டுப் புற்றுக்குக் காரணம்னு தெளிவா இருக்கு. ரெண்டு: பைப் மட்டும் புகைப்பவர்களின் மொத்த இறப்பு விகிதம், புகைக்காதவர்களை விட அதிகம்னு பெரிசா தெரியலை.

19/
ரெண்டாவது வரியைப் பைப் பிரியர்கள் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாங்க. முதல் வரியை விட்டுட்டாங்க. அறுபது வருஷமா உலாவும் 'பைப் சேஃப்' நம்பிக்கைக்கு இந்தப் பாதி வாசிப்பு பெரிய முட்டு.

20/
அதே 1964 ஏப்ரலில் மெக்ஆர்தர் இறந்தார், 84 வயசில். "பாருங்க, பைப் புகைச்சே 84 வரை வாழ்ந்தார்!" இந்த வாதம் எல்லா ஊரிலும் உண்டு. ஹெல்மெட் போடாம பத்திரமா வீடு வந்து சேர்ந்தவர் எல்லாருக்கும் தெரிவார். வராதவர் கதை சொல்ல இருக்க மாட்டார். ஒரு ஆளை வைச்சு முடிவு பண்ண முடியாது. ஆயிரக்கணக்கானவர்களை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து பார்க்கணும்.

21/
அப்படிப் பார்த்தாங்க. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் ஆய்வு, 2004ல் வெளிவந்தது. 1,38,000க்கும் அதிகமான ஆண்கள். பைப் மட்டும் புகைத்தவர்களையும் எந்தப் புகையிலையும் தொடாதவர்களையும் ஒப்பிட்டாங்க. பைப் புகைப்பவர்களுக்கு இறப்பு ஆபத்து:
நுரையீரல் புற்று: சுமார் 5 மடங்கு.
வாய், தொண்டைப் புற்று: சுமார் 4 மடங்கு.
குரல்வளைப் புற்று: சுமார் 13 மடங்கு.
மாரடைப்பு, பக்கவாதம்: கால் பங்குக்கு மேல் அதிகம்.

22/
நியாயமா ஒண்ணு சொல்லணும். சிகரெட்டோட ஒப்பிட்டா இந்த ஆபத்துகள் பொதுவாக் குறைவுதான். ஆனா சிகரெட்டை விட்டுட்டு பைப்புக்கு மாறுறவங்க, பழக்க தோஷத்தில் பைப் புகையையும் உள்ளே இழுக்கறாங்க. அப்போ அந்தக் கொஞ்ச லாபமும் கரையும். கதிர் பைப்பில் சொருகும் காகித ஃபில்டர்? கார்பன் மோனாக்சைடு ஒரு வாயு. காகிதம் அதை நிறுத்தாது.

23/
கதிர் பைப் ஈரத்தை உறிஞ்சும், கையில் சுடாது. உண்மை. அது பைப்பைப் பத்தின உண்மை. உள்ளே எரிவது புகையிலைங்கிறதை அந்தக் கதிரால் மாத்த முடியாது. 150 வருஷமா அழகா நடந்த வியாபாரம், பாத்திரத்தின் குணத்தைச் சொல்லியே பண்டத்தை வித்தது.

24/
படம் பார்த்தோ, ஸ்டைலுக்கோ ஒரு கதிர் பைப் வாங்கி அலமாரியில் வைங்க, தப்பில்ல. கடைசல் வேலைப்பாடு உண்மையிலேயே அழகு. புகையிலை மட்டும் போடாதீங்க. 'பழகத்தானே'ன்னு ஆரம்பிக்கிற இடத்தில்தான் உடம்பு தன் முதல் எச்சரிக்கையைக் கொடுத்துட்டு வாயை மூடிக்குது.

25/
ஏற்கெனவே பைப், சுருட்டு, பீடி, சிகரெட் எதுவா இருந்தாலும் பழக்கம் இருக்கா? கண்ணாடி முன்னாடி நின்னு வாயைத் திறந்து பாருங்க. உதடு, நாக்கின் ஓரம், கன்னத்தின் உட்புறம், அண்ணம். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, ரெண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், மூணு வாரமா மாறாத குரல் கரகரப்பு. இதில் எது இருந்தாலும் தள்ளிப் போடாம டாக்டரைப் பாருங்க. வலிக்கலைன்னு விட்டுடாதீங்க. ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது.

26/
விடணும்னு நினைச்சா தனியாப் போராட வேண்டாம். மத்திய அரசின் இலவச உதவி எண் 1800-11-2356. நிகோடின் சூயிங்கம், பேட்ச், மாத்திரைன்னு வழிகள் இருக்கு. ஒரு தடவை முயற்சி பண்ணி தோத்தாலும் மறுபடி முயற்சி பண்ணுங்க.

வீட்டில் "உள்ளே இழுக்கலையே"ன்னு சொல்ற பெரியவர் யாராவது இருந்தா, இந்த இழையை அவருக்கு வாசிச்சுக் காட்டுங்க.