பெருவிரல் புடைப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பின் தேறுதல்

கால் பெருவிரல் மற்ற விரல்களின் பக்கம் சாய்வதால் அதன் அடிமூட்டின் உட்புறத்தில் எழும் புடைப்பு மருத்துவத்தில் ஹாலக்ஸ் வால்கஸ் எனப்படுகிறது. இதற்கான அறுவைச் சிகிச்சை புடைப்பைச் செதுக்குவது மட்டுமே எனப் பலர் எண்ணுவதுண்டு. உண்மையில் பெரும்பாலான முறைகளில் பெருவிரலுக்குப் பின்னுள்ள நீண்ட எலும்பு வெட்டப்பட்டு, நேராக நகர்த்தப்பட்டு, திருகாணிகளால் பொருத்தப்படுகிறது. எனவே தேறும் காலம் எலும்பு முறிவு ஆறும் காலத்தை ஒத்தது.

தேறும் காலம்

நோயாளி பொதுவாக அன்றோ மறுநாளோ வீடு திரும்பலாம். முதல் 2 வாரங்கள் பாதத்தை இதய மட்டத்துக்கு மேல் உயர்த்தி வைப்பது வீக்கத்தையும் வலியையும் குறைக்கும். ஏறத்தாழ 2 வாரங்களில் தையல் அகற்றப்படும். தோல் மூடியதும் கால் குணமாகிவிட்டதெனக் கருதி வழக்கம்போல் நடப்பது இக்கட்டத்தில் நேரும் பிழையாகும். எலும்பு கூடுவதற்கு 6 முதல் 8 வாரங்கள் ஆகும். அதுவரை விறைப்பான அடியுடைய சிறப்புக் காலணி அணிய வேண்டும். மூட்டை இணைக்கும் முறைகளில் சில வாரங்கள் ஊன்றுகோலும் தேவைப்படலாம்.

வீக்கம் முற்றிலும் வடிய பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டு வரை ஆகலாம். அதுவரை பழைய செருப்பு பொருந்தாமற்போவது சிகிச்சையின் தோல்வியன்று.

சிக்கல்கள்

காய்ச்சல், காயத்தில் சீழ், கெண்டைக்காலில் வலியுடன் கூடிய வீக்கம் ஆகியன தோன்றின் உடனே மருத்துவரை நாட வேண்டும். கடைசியாகக் குறிப்பிட்டது குருதி உறைவின் அறிகுறியாக இருக்கலாம். புகைபிடித்தல் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும். மருத்துவர் கூறும் விரல் பயிற்சிகளைத் தவிர்ப்பின் மூட்டு விறைக்கலாம். சிலருக்குப் புடைப்பு மீண்டும் தோன்றுவதும் உண்டு.