பதினொரு மதிப்பெண்: எந்திரச் சண்டைக்கு நடுவர் வந்த வரலாறு

எந்திரங்களை மோதவிடும் விளையாட்டைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் சுழலும் ஆயுதங்களையும் தெறிக்கும் தீப்பொறிகளையுமே எழுதுகின்றனர். நாம் இங்கே கவனிக்க விரும்புவது வேறொன்று. குறித்த நேரம் முடிந்த பின்னும் இரண்டு எந்திரங்களும் ஓடிக்கொண்டிருந்தால், வென்றது எது? இக்கேள்விக்கு அமெரிக்காவில் காலந்தோறும் கண்ட விடைகளுக்கு ஒரு வரலாறு உண்டு. பள்ளி மாணவர்கள் களத்தில் இறங்கியபோது அந்த வரலாறு புதியதொரு கனத்தைப் பெற்றது.

1992இல் மார்க் தோர்ப் என்னும் கலைஞர், தூசு உறிஞ்சும் கருவி ஒன்றை வானொலி அலையால் இயக்க முயன்றார். அம்முயற்சியிலிருந்து பிறந்த எண்ணமே 1994 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவின் ஃபோர்ட் மேசன் அரங்கில் 'ரோபாட் வார்ஸ்' என்னும் போட்டியாக உருப்பெற்றது. தெளிவான வெற்றி கிட்டாத ஆட்டங்களில் பார்வையாளரின் கைத்தட்டலே தீர்ப்பாயிற்று. மக்கள் தீர்ப்பு என்று அதைப் புகழலாம். ஆனால் நண்பர் கூட்டத்தோடு வந்தவனுக்கும், வேடிக்கையான தோற்றம் கொண்ட எந்திரத்துக்கும் அத்தீர்ப்பு எளிதில் சாய்ந்துவிடும்.

1995இல் வேறொரு சிக்கல் எழுந்தது. ஜேமி ஹைனமனும் வில் ரைட்டும் கொண்டுவந்த 'பிளெண்டோ', கவிழ்த்த கிண்ணம்போல் முழு உடலும் சுழலும் எந்திரம். அது எதிரியைத் தாக்கியபோது உடைந்த துண்டுகள் களத்தின் சுவரையே தாண்டி விழுந்தன. அதனைப் போட்டியிலிருந்து விலகச் செய்து, இணை வாகையர் பட்டம் அளித்தனர். மிகத் திறமையாக அழிப்பதும் ஒரு விதிப் பிரச்சினையாகலாம் என்பதை அமைப்பாளர்கள் அன்று உணர்ந்திருக்க வேண்டும்.

1999இல் லாங் பீச்சில் தொடங்கி, 2000 முதல் 2002 வரை தொலைக்காட்சியில் ஓடிய 'பேட்டில்பாட்ஸ்', கைத்தட்டலின் இடத்தில் மூன்று நடுவர்களை அமர்த்தியது. முனைப்பு, சேதம், உத்தி என்னும் மூன்று தலைப்புகளில் ஒவ்வொரு நடுவரும் 15 மதிப்பெண்களைப் பங்கிட்டனர், மொத்தம் 45. ஒற்றைப்படை எண்ணாதலால் சமநிலைக்கு இடமில்லை. எனினும் 'உத்தி' என்பது ஓட்டுநரின் மனத்துக்குள் இருப்பது. அதை நடுவர் ஊகிக்கத்தான் முடியும், அளக்க இயலாது.

அதே காலத்தில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்காக 'பேட்டில்பாட்ஸ் ஐக்யூ' தொடங்கப்பட்டது. அதன் வழிவந்த 'நேஷனல் ரோபாட்டிக்ஸ் லீக்', தொழிற்சாலைகளுக்குத் தேர்ந்த இளைஞர்களை ஈர்க்க விரும்பிய கருவி உற்பத்தியாளர் சங்கத்தின் ஆதரவில் வளர்ந்தது. எந்திரத்தின் எடை 15 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 6.8 கிலோ, ஆட்டம் 3 நிமிடம். பல மாத உழைப்பு அந்த 3 நிமிடத்தில் தீர்ந்துவிடும். தோற்ற மாணவன் "ஏன்?" என்று கேட்டால் அவனுக்குப் புரியும்படி விடை சொல்லியாக வேண்டும்.

அவ்வகை விடையை மிகத் தெளிவாக எழுதிவைத்தது, 2002இல் உருவாகிப் பின்னர் மறைந்த 'ரோபாட் ஃபைட்டிங் லீக்' என்னும் கூட்டமைப்பு. அது உத்தியைக் கைவிட்டது. முனைப்புக்கு 5, சேதத்துக்கு 6, ஆக ஒவ்வொரு நடுவரிடமும் 11 மதிப்பெண்கள். சேதத்தில் இருவரும் மும்மூன்று பெற்றாலும், முனைப்பின் ஐந்தைச் சமமாகப் பிரிக்க முடியாது. ஒருவர் வென்றே ஆகவேண்டும்.

அதன் நடுவர் குறிப்புகளில் இரண்டு நம்மை வியக்கவைக்கின்றன. டைட்டேனியம் அடிபட்டால் கண்ணைப் பறிக்கும் பொறி சிதறும். ஆனால் உலோகம் சேதமின்றி இருக்கலாம். அலுமினியமோ பொறி எழுப்பாமலே சிதைந்துபோகும். ஆகவே நடுவர் ஒளியைக் கண்டு மயங்கலாகாது. உலோகங்களை அறிந்திருக்க வேண்டும். இரண்டாவது, அசையாமல் நின்று, எதிரி தானே வந்து தன் ஆயுதத்தில் மோதட்டும் என்று காத்திருப்பது முனைப்பு ஆகாது. அந்த ஆயுதம் எத்துணைக் கொடியதாயினும், அணுகித் தாக்க முயன்றவனுக்கே அம்மதிப்பெண் உரியது.

இம்முறைக்கும் குறை உண்டு. சேதத்துக்கு மிகுந்த மதிப்பெண் தந்தால், சுழலும் ஆயுதம் பூட்டியவருக்கே வாய்ப்பு மிகும். எதிரியைத் தூக்கியும் தள்ளியும் சுவரோடு அழுத்தியும் ஆளும் ஓட்டுநரின் திறம் கணக்கில் வராமற் போகும். ஆயுதத்துக்கு ஈடுகொடுக்கும் கவசம் வாங்க வசதியற்ற பள்ளிக்கு இது சிறிய குறையன்று. 2015இல் பேட்டில்பாட்ஸ் தொலைக்காட்சிக்குத் திரும்பிய பின், ஒரு கட்டத்தில் அதே 11 மதிப்பெண்கள் சேதத்துக்கு 5, முனைப்புக்கு 3, கட்டுப்பாட்டுக்கு 3 எனப் பிரிக்கப்பட்டன. ஓட்டுநரின் கைத்திறனுக்கு அங்கே தனி இடம் கிடைத்தது.

இதனால் நடுவரிடையே கருத்து வேற்றுமை நீங்கிவிட்டதாக நாம் கருதவில்லை. இரண்டுக்கு ஒன்று என்று பிரியும் தீர்ப்புகள் இன்றும் சினத்தை எழுப்புகின்றன. ஆயினும் கைத்தட்டலோடு எவரும் வாதிட முடியாது. எழுதப்பட்ட விதியோடு வாதிடலாம், அதனைத் திருத்தவும் செய்யலாம். தோற்ற எந்திரத்தைத் தூக்கிக்கொண்டு களம் விட்டுச் செல்லும் மாணவன், எந்தத் தலைப்பில் எத்தனை மதிப்பெண் இழந்தான் என்று அறிந்தே செல்கிறான். அடுத்த ஆண்டு எதை மாற்றிக் கட்டுவது என்பதற்கு அவ்வறிவு அவனுக்குப் போதும்.