ஆற்றூர்த் துஞ்சிய தேவர்



சீனத் தலைநகரமாகிய பீஜிங்கில் பழம் பேரரசர்களுக்கென்றே ஒரு கோயில் இருக்கிறது. மிங் மரபினரான ஜியாஜிங் பேரரசர் காலத்தில், 1530-ஆம் ஆண்டில் எழுந்தது அது. முன்னோர் பெயர் பொறித்த பலகைகளே அங்கு வழிபாட்டுக்கு உரியன. பின்னர்ச் சிங் மரபின் சியன்லுங் பேரரசர் காலத்தில் அப்பேரரசர்களின் தொகை 188 ஆயிற்று. எவரைச் சேர்ப்பது, எவரை விலக்குவது என்பது அங்கே பெரிய வழக்காய் இருந்தது. வென்றவனுக்கு மட்டுமா நினைவு? தோற்றவனுக்கும் உண்டா?

இந்தக் கேள்வியை நெஞ்சில் தாங்கியே நான் ஒரு நாள் எங்கள் பெரணமல்லூரிலிருந்து புறப்பட்டேன். ஆரணி, ஆர்க்காடு வழியாக வடக்கே சென்று, பொன்னையாற்றங்கரையில் உள்ள மேல்பாடியை அடைந்தேன். பெரணமல்லூரைப் போலவே மேல்பாடியும் பழைய வட ஆர்க்காடு மாவட்டத்து ஊர்தான். அங்கே சோமநாதீசுவரர் கோயில் பெரியது. அதற்கு அண்மையில் உள்ள சோழீசுவரம் சிறியது. நான் தேடிச் சென்றது சிறிய கோயிலையே.

அதன் பழம் பெயர் அரிஞ்சீச்சுரம். 'ஆற்றூர்த் துஞ்சிய தேவ'ருக்குப் பள்ளிப்படையாக இராசராச சோழர் எடுப்பித்தது என்று அதன் கல்வெட்டுக் கூறுகின்றது. பள்ளிப்படை என்பது மறைந்த அரசரின் நினைவாக எழுப்பும் கோயில். துஞ்சுதல் என்றால் உறங்குதல். இறந்தார் என்று சொல்ல மனம் வராமல், உறங்கினார் என்றார்கள் நம் முன்னோர். குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் என்று சங்க காலத்திலேயே இவ்வழக்கு உண்டு.

ஆற்றூரில் துஞ்சிய அவர் யார்? முதற் பராந்தகரின் மைந்தரும் இராசராசருக்குப் பாட்டனாருமாகிய அரிஞ்சய சோழர். அவர் ஆண்ட காலம் மிகச் சிறிது. அதுவும் சோழர்க்கு இருள் சூழ்ந்த காலம். 949-ஆம் ஆண்டில் தக்கோலப் போரில் அவருடைய தமையனார் இராசாதித்தர் யானைமீதிருந்தபடியே உயிர் நீத்தார். தொண்டை மண்டலம் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணன் கைக்குப் போயிற்று. இழந்த நாட்டை முழுதும் மீட்கும் பேறு அரிஞ்சயருக்கு வாய்க்கவில்லை.

இனிக் கேளுங்கள். மராட்டிய நாட்டுக் கர்ஹாட்டில் கிடைத்த செப்பேடு ஒன்று, 959-ஆம் ஆண்டில் கிருட்டிணன் வழங்கியது. தான் வென்ற தென்னாட்டுப் பகுதிகளைத் தன்னைச் சார்ந்தோருக்குப் பங்கிட்டுக் கொடுப்பதற்காக அவன் பாசறையிட்டுத் தங்கியிருந்த இடம் எது தெரியுமா? இதே மேல்பாடி!

அந்த ஊரில்தான் 985-ஆம் ஆண்டில் அரியணை ஏறிய பேரன், பாட்டனாருக்குக் கோயில் எடுத்தார். ஊருக்கும் இராசாச்சிரயபுரம் என்று தம் விருதுப் பெயரைச் சூட்டினார். பகைவன் கூடாரம் அடித்த மண்ணில் பாட்டனாரின் பெயர் நின்றது. வெற்றித் தூண் நாட்டியிருக்கலாம், அவர் நாட்டவில்லை. பழி உரைகளைப் பொறித்திருக்கலாம். நான் கண்டவரை அதுவும் இல்லை. விளக்கும் வழிபாடுமே அவர் தந்த விடை.

தஞ்சைப் பெரிய கோயிலை வானளாவ உயர்த்தியவர், இங்கே அடக்கமான ஒரு கற்றளியோடு அமைந்தார். அந்தச் சிறுமையிலேதான் நான் ஒரு பெருமையைக் கண்டேன். தம் குலத்தில் வென்றவரை மட்டும் எண்ணித் தோற்றவரை மறந்துவிடவில்லை அவர்.

எங்கள் ஊர்த் தறிகளில் பழைய பாவு முடியும்போது, புதிய பாவின் இழைகளை அதன் நுனியோடு ஒவ்வொன்றாகப் பிணைப்பார்கள். ஓர் இழை விட்டுப்போனாலும் பட்டில் கோடு விழும். அரிஞ்சயரும் அத்தகைய ஓர் இழை. அவரை விட்டுவிட்டால் பராந்தகரிலிருந்து இராசராசருக்கு வர வழி ஏது?

நண்பர்களே, தஞ்சையைக் காண எல்லோரும் போகிறோம். ஒரு முறை மேல்பாடிக்கும் போய் வாருங்கள்.