பெட்டைக் குதிரையும் பாண்டி நாட்டுப் பழியும்

கிரானுக்கு மேற்கேயுள்ள மேய்ச்சல் தரைகளில் பசு சினையாவதற்கு எவரும் நாள் பார்ப்பதில்லை. பட்டியில் காளை நிற்கிறது. மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். குதிரைக்கு இது பொருந்துமா?

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, மன்னர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளைக் கடல்வழி வருவித்ததையும் அவற்றிற் பெரும்பாலானவை விரைவில் மாண்டதையும் எழுதினார். உயர்ந்த பெட்டையையும் உயர்ந்த பொலிக்குதிரையையும் சேர்த்தாலும் கால் கோணிய, சவாரிக்கு உதவாத குட்டியே பிறக்கும் என்றார். பழி நம் மண்ணின்மேல் விழுந்தது. ஆனால் குதிரைக்கு வேகவைத்த இறைச்சியும் சோறும் இட்டார்கள் என்று சொன்னவரும் அவரே!

பெட்டைக் குதிரை, பகல் நீளும்போது பருவத்துக்கு வரும் விலங்கு. பருவச் சுழற்சி ஏறத்தாழ 21 நாள். அதில் பொலிக்குதிரையை ஏற்பது 5 முதல் 7 நாள். கருமுட்டை வெளிப்படுவதோ அந்நாட்களின் கடைசி ஓரிரு நாளில். அதைத் தவறவிட்டால் அடுத்த சுற்றுவரை காத்திருக்க வேண்டும். சினைக்காலம் 11 மாதம். மாரியில் பருவம் அடங்கிவிடுவதால், மேல்நாட்டார் லாயத்தில் விளக்கேற்றிப் பகலை 16 மணிநேரமாக நீட்டுகின்றனர். நமக்கு அந்தச் செலவில்லை. இங்கே மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஏறத்தாழ ஒரு மணிநேரமே. பெட்டை ஆண்டு முழுதும் பருவத்துக்கு வரக்கூடும். ஆகவே குறை பருவத்தில் இருந்திருக்க முடியாது. தீனியிலும் பராமரிப்பிலும் இருந்தது என்பதே என் கருத்து.

நெடுந்தீவு இதற்குச் சாட்சி. யாழ்ப்பாணத் தீவுகளுக்குத் தம் நகரங்களின் பெயர்களைச் சூட்டிய ஒல்லாந்தர், அங்கே குதிரை வளர்த்தனர். புல் உண்டு, கடல் சூழ்ந்திருப்பதால் தப்பியோட வழியில்லை, வேலியும் வேண்டாம். ஆங்கிலேயரும் அதைத் தொடர்ந்தனர். அவர்கள் கைவிட்டபின் எந்தப் பெட்டைக்கு எந்தப் பொலிக்குதிரை என்று தெரிவுசெய்ய எவருமில்லை. கிரான் மாடுகளைப் போலவே அவையும் தம் விருப்பப்படி பெருகின. உருவம் சிறிதாயினும் இனம் அற்றுப்போகவில்லை.

அக்குதிரைகள் இன்றும் அங்கே திரிகின்றன. குட்டிகளும் பிறக்கின்றன. கோடையில் குட்டைகள் வற்றும்போது அவற்றுக்குத் தண்ணீர் வைப்பார் யார் என்பதுதான் இப்போதைய கேள்வி.