ஓட்டையும் அடைப்பும்: கணினிப் பாதுகாப்பில் தானியங்கு முறையின் வளர்ச்சி – தென்தமிழகச் சான்றுகளின் வழி ஓர் ஆய்வு

முன்னுரை

மென்பொருள் என்று ஒன்று இருந்தால் அதில் ஓட்டையும் இருக்கும். அதை முதலில் கண்டது யார், அடைப்பதற்கு எவ்வளவு காலம் பிடித்தது என்பவையே கணினிப் பாதுகாப்பின் வரலாற்றைத் தீர்மானிக்கின்றன. ஓட்டையைத் தேடுதல், தாக்குதலை உணர்தல், திருத்தம் போடுதல் ஆகிய மூன்று வேலைகளும் கடந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் படிப்படியாக எந்திரங்களிடம் சென்றன. முதல் இரண்டும் விரைந்து வளர, மூன்றாவது பின்தங்கியது. இழப்புகள் பலவும் அந்த இடைவெளியில்தான் நேர்ந்தன என்பது இக்கட்டுரையின் கருத்து. மதுரையிலும் தமிழகத்தின் பிற ஊர்களிலும் கிடைக்கும் சான்றுகள் இதற்கு அடிப்படையாகின்றன.

தேடும் கருவிகளின் காலம்

1988 நவம்பர் 2 அன்று பரவிய மோரிஸ் புழு, அன்றைய இணையத்தின் கணிசமான பகுதியை முடக்கியது. அம்மாதமே அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் முதல் கணினி அவசரநிலைக் குழு அமைந்தது. 1995இல் டான் ஃபார்மரும் வீட்சே வெனிமாவும் வெளியிட்ட ‘சேட்டன்’, நெட்வொர்க்கில் உள்ள கணினிகளின் ஓட்டைகளைத் தானே தேடிப் பட்டியலிட்டது. இது ஹேக்கர்கள் கையில் ஆயுதத்தைக் கொடுப்பதாகும் என்ற எதிர்ப்பு அப்போதே எழுந்தது. 1998இல் இதே வகைக் கருவியான ‘நெசஸ்’ வந்தது. மறு ஆண்டு தொடங்கிய சி.வி.இ. பட்டியல், 321 ஓட்டைகளுக்குப் பொது எண் வழங்கியது. ஒரே ஓட்டையை வெவ்வேறு கருவிகள் ஒரே எண்ணால் குறிக்க முடிந்ததால், அவை ஒன்றோடொன்று தகவல் பரிமாறிக்கொள்ளும் வழி பிறந்தது.

2003 ஜனவரி 25 அன்று ‘ஸ்லாமர்’ புழு, தாக்கக்கூடிய கணினிகளில் 90 விழுக்காட்டைப் பத்தே நிமிடங்களில் பிடித்தது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் ஆறு மாதங்களுக்கு முன்பே வெளியிட்டிருந்தது. மருந்து கிடைத்தும் உட்கொள்ளாத நிலை அன்றே வெளிப்பட்டுவிட்டது.

தாக்குதலை உணரும் முயற்சிகள்

இந்தியாவில் 2004 ஜனவரியில் நாட்டின் கணினி அவசரநிலைக் குழுவான ‘செர்ட்-இன்’ செயல்படத் தொடங்கியது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70பி பிரிவு பின்னர் அதற்குச் சட்ட வலு அளித்தது. இதே காலகட்டத்தில் மதுரையிலும் ஆய்வு வேர்விட்டது. தேசியத் தொழில்நுட்ப ஆய்வு அமைப்பின் நிதியில், தமிழகக் கல்வி நிறுவனங்கள் பல இணைந்து நடத்திய பாதுகாப்பான கணினிச் சூழல் குறித்த கூட்டாய்வில் திருப்பரங்குன்றத்தின் தியாகராசர் பொறியியல் கல்லூரியும் பங்கேற்றது. பல கணினிகளை ஏவி ஒரு சர்வரைத் திணறடிக்கும் சேவை மறுப்புத் தாக்குதலை எந்திரக் கற்றல் மூலம் அடையாளம் காணும் ஆய்வுக் கட்டுரையை இக்கல்லூரியினர் 2011இல் வெளியிட்டனர். உலகெங்கும் ஆய்வாளர்கள் 1999ஆம் ஆண்டின் பழைய தரவுத்தொகுப்பையே பெரிதும் நம்பியிருந்த நிலையில், இவர்கள் தாமே உருவாக்கிய நிகழ்நேரத் தரவைப் பயன்படுத்தியது குறிப்பிடத்தக்கது. தாக்குதலின் வடிவம் மாறிக்கொண்டே இருப்பதால், பழைய தரவில் பயின்ற எந்திரம் புதியதைத் தவறவிடும்.

ஆய்வகத்துக்கு வெளியே நிலைமை வேறாக இருந்தது. கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியின், பணப் பரிமாற்றச் செய்திகளை அனுப்பும் ‘சுவிஃப்ட்’ அமைப்பு வழியாக, ஹேக்கர்கள் 2018 பிப்ரவரியில் ஏறத்தாழ 20 லட்சம் டாலரை மூன்று பரிமாற்றங்களில் கடத்த முயன்றனர். உறுதிச் செய்திகளை அச்சிடும் பிரின்டர் முடக்கப்பட்டிருந்தது. பிப்ரவரி 7 அன்று கணக்கைச் சரிபார்த்தபோதே மோசடி தெரியவந்தது. 2019இல் கூடங்குளம் அணுமின் நிலைய நிர்வாகப் பணிக்கான நெட்வொர்க்கில் இருந்த ஒரு கணினியில் தீநிரல் புகுந்ததைச் செப்டம்பர் 4 அன்று செர்ட்-இன்தான் அணுமின் கழகத்துக்குத் தெரிவித்தது.

திருத்தம் போடுவதில் தாமதம்

தென்காசி மாவட்டம் மத்தளம்பாறையிலும் இயங்கும் ஜோஹோ நிறுவனத்தின் ‘மேனேஜ்எஞ்சின்’ பிரிவு, பிற மென்பொருள்களுக்கான திருத்தங்களைத் தானாகவே போடும் கருவிகளை விற்கிறது. மதுரை இலந்தைக்குளம் எல்காட் வளாகத்தில் மையம் வைத்திருக்கும் எச்.சி.எல்., இதே பணியைச் செய்யும் ‘பிக்ஃபிக்ஸ்’ கருவியை ஐ.பி.எம்.மிடமிருந்து 2019இல் வாங்கியது. திருத்தத் தொழிலில் தமிழகத்துக்கு இவ்வாறு உலகளாவிய இடம் கிடைத்தது.

ஆனால் 2021இல் மேனேஜ்எஞ்சினின் கடவுச்சொல் மேலாண்மை மென்பொருளிலேயே பெரும் ஓட்டை கண்டறியப்பட்டது. உள்நுழைவுச் சோதனையைத் தாண்டி, தொலைவிலிருந்தே சர்வரில் நிரலை இயக்க அது இடம் கொடுத்தது. செப்டம்பர் 6 அன்று ஜோஹோ திருத்தத்தை வெளியிட்டது. பத்து நாள்களில் எஃப்.பி.ஐ. உள்ளிட்ட அமெரிக்க அமைப்புகள் கூட்டாக எச்சரித்தன. ஆயினும் நவம்பர் 9 அன்று செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழுவுக்குள் இதே வழியாக ஹேக்கர்கள் நுழைந்தனர். 2022 ஜனவரி 18 அன்றுதான் அது தெரியவந்தது. போரிலும் இடப்பெயர்விலும் குடும்பத்தைப் பிரிந்தோர் உட்பட 5,15,000க்கும் மேற்பட்டோரின் விவரங்கள் பறிபோயின. ஆண்டுக்குப் பல்லாயிரம் திருத்தங்களைப் போடும் தாங்கள், இதை உரிய நேரத்தில் போடவில்லை என்று அக்குழு வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. தயாராக இருந்த திருத்தம் 64 நாள்கள் காத்திருந்தது. எண்ணற்ற திருத்தங்களுள் எது அவசரம் என்று தரம்பிரிக்கும் வேலையில்தான் சங்கிலி அறுந்தது எனலாம்.

வேகத்தின் மறுபக்கம்

எல்லாவற்றையும் தானியங்கிக்கு விட்டுவிடுவதும் தீர்வாகாது. 2024 ஜூலை 19 அன்று ‘கிரவுட்ஸ்ட்ரைக்’ பாதுகாப்பு மென்பொருள் தானாக அனுப்பிய பிழையான புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் செயலிழந்தன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதினர். ஒரு ஹேக்கரும் தொடாமல் நேர்ந்த முடக்கம் அது. இதற்கிடையே ஓட்டையைக் கண்டு தானே அடைக்கும் எந்திரங்களும் வளர்கின்றன. 2016இல் அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு முகமை நடத்திய எந்திரங்களுக்கு இடையிலான போட்டியில் ‘மேஹெம்’ 20 லட்சம் டாலர் வென்றது.

முடிவுரை

செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணைப்படி, பாதுகாப்பு மீறலை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கணினிப் பதிவுகளை 180 நாள்கள் பேண வேண்டும். கையால் மட்டுமே இதை நிறைவேற்றுவது கடினம். மேற்கண்ட வரலாறு மூன்று தேவைகளைக் காட்டுகிறது. எந்தக் கணினியில் எந்த மென்பொருள் ஓடுகிறது என்ற நடப்புப் பட்டியல் முதல் தேவை. இணையத்தை நேரே எதிர்கொள்ளும் சர்வர்களுக்கு முன்னுரிமை அளிப்பது இரண்டாவது. திருத்தத்தைச் சில கணினிகளில் சோதித்துவிட்டு மற்றவற்றுக்கு விரிப்பது மூன்றாவது. இம்மூன்றையும் எந்திரத்தால் நடத்த முடியும். ஆனால் அவசரத் திருத்தத்தை எத்தனை மணி நேரத்துக்குள் போட வேண்டும், தவறினால் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பதை நிர்வாகமே எழுதிவைக்க வேண்டும். அதைச் செய்யாத அலுவலகத்தில், விலை உயர்ந்த கருவியும் ஓட்டைகளின் பட்டியலைத் தரும், பாதுகாப்பைத் தராது.