அலைக்கற்றையின் புறம்போக்கு

நாம் குடியிருக்கும் அடுக்ககத்தில் மாலை ஏழு மணிக்குக் கணினியைத் திறந்தால், அருகே இயங்கும் வைஃபை இணைப்புகளின் பட்டியலில் இருபது பெயர்களுக்குக் குறையாமல் வருகின்றன. குலதெய்வத்தின் பெயர், குழந்தையின் செல்லப்பெயர், கிரிக்கெட் வீரரின் பெயர் என்று நீளும் பட்டியல் அது. இவர்களுள் ஒருவரும் அலைவரிசைக்காக அரசிடம் உரிமம் பெறவில்லை, ஏலத்தில் பங்கெடுக்கவில்லை. ஒரே காற்றில் இருபது வீடுகள் ஒன்றையொன்று பெரிதும் இடிக்காமல் பேசிக்கொண்டிருக்கின்றன. சமையலறையில் மைக்ரோவேவ் அடுப்பு சுழலும் இரண்டு நிமிடங்கள் மட்டும் திரையில் ஓடும் படம் திக்கித் திணறும். வாசகர்கள் பலரும் இதைக் கண்டிருக்கக் கூடும். அடுப்பும் வைஃபையும் ஒரே புறம்போக்கில் குடியேறிய இரு குடித்தனங்கள் என்பதே காரணம்.

புறம்போக்கு என்ற சொல் இன்று வசைச்சொல்லாகிவிட்டது. வருவாய்த் துறைக் கணக்கிலோ அது வெறும் வகைப்பாடு: தீர்வை விதிப்புக்குப் புறம்பாக நிறுத்தப்பட்ட நிலம். மேய்ச்சல், நீர்நிலை, பாதை, களம் ஆகியவை அதில் அடங்கும். தீர்வை இல்லாததால் அரசுக்கு அதில் வருமானம் இல்லை. வருமானம் இல்லாததால் மதிப்பில்லை என்று பின்னால் வந்தவர்கள் எண்ணிக்கொண்டனர். வானலைகளுக்கும் இப்படி ஒரு புறம்போக்கு உண்டு. அதன் வரலாறு பெரும்பாலும் அமெரிக்காவில் நிகழ்ந்தது. அதற்கு விலை பேசும் பேச்சும் அங்கேதான் இப்போது உரத்து ஒலிக்கிறது. ஆகவே அங்கிருந்தே தொடங்குவோம்.

1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியபோது, செய்திகள் காற்றில் ஒன்றோடொன்று மோதிக் குழம்பியதற்குத் தனியார் ஆர்வலர்களின் கம்பியில்லாக் கருவிகளும் காரணம் என்று குற்றஞ்சாட்டப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கா இயற்றிய வானொலிச் சட்டம், அலைபரப்ப உரிமம் வேண்டும் என்றது. ஆர்வலர்களை ஒழிக்காமல், 200 மீட்டரும் அதற்குக் குறைந்ததுமான அலைநீளங்களுக்கு அவர்களைத் தள்ளியது. நெடுந்தொலைவுக்கு நீண்ட அலைகளே உகந்தவை என்பது அன்றைய நிபுணர் கருத்து. எனவே எதற்கும் உதவாத நிலத்தைத்தான் கொடுத்திருந்தார்கள். 1923 நவம்பரில் கனெக்டிகட் மாநிலத்து ஆர்வலர்கள், பிரான்சின் நீஸ் நகரிலிருந்த லியோன் டிலாயுடன், சுமார் 110 மீட்டர் அலைநீளத்தில் அட்லாண்டிக்கைக் கடந்து இருவழியாகப் பேசினர். உதவாத நிலம் உலகைச் சுற்றும் நிலமாயிற்று. அதன் பிறகு நடந்ததை ஊகிப்பது கடினமல்ல. நிறுவனங்களும் அரசுகளும் சிற்றலைக்குள் நுழைந்தன; 1927இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேச மாநாடு ஆர்வலர்களுக்குச் சில குறுகிய துண்டுகளை மட்டும் விட்டுவைத்தது.

இரண்டாவது புறம்போக்கு பிறந்தது அடுப்பால். போர்க்கால ரேடார் நுட்பத்திலிருந்து ரேதியான் நிறுவனத்தின் பெர்சி ஸ்பென்சர் உருவாக்கிய மைக்ரோவேவ் சமையலுக்கான காப்புரிமை விண்ணப்பம் 1945ஐச் சேர்ந்தது. 1947இல் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய உலகத் தொலைத்தொடர்பு மாநாட்டில், தொழிற்சாலை, மருத்துவம், அறிவியல் ஆகியவற்றின் கருவிகள் இரைச்சல் எழுப்பிக்கொள்ளச் சில கற்றைகள் ஒதுக்கப்பட்டன. 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதி அவற்றுள் ஒன்று. (நீர் மூலக்கூறு அதிர்வுறும் இயல்பு அலைவரிசை அதுவே என்று பள்ளிகளில்கூடச் சொல்லப்படுவதுண்டு. அது கதை, நீர் பல அலைவரிசைகளிலும் சூடேறும்.) இரைச்சல் நிறைந்த இடத்தில் யார் பேசுவார்கள்? எனவே அது குப்பைக் கற்றை என்றே பெயர் பெற்றது.

அந்தக் குப்பை மேட்டில் மக்களைப் பேசவிடலாம் என்று முதலில் வற்புறுத்தியவர், அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையத்தின் பொறியாளர் மைக்கேல் மார்கஸ். ஒரே அலைவரிசையில் குரலைக் குவிக்காமல், அகன்ற கற்றை முழுவதும் மெலிதாகப் பரப்பும் ராணுவ நுட்பம் அப்போது இருந்தது. இதன் மூதாதையர்களுள் ஒருவராக ஹாலிவுட் நடிகை ஹெடி லமாரைச் சுட்டுவது வழக்கம். இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தெய்லுடன் 1942இல் அவர் பெற்ற காப்புரிமை, தானியங்கிப் பியானோவின் துளையிட்ட சுருளைப் போன்ற ஒன்றைக் கொண்டு 88 அலைவரிசைகளுக்கிடையே தாவி நீர்மூழ்கிக் குண்டை வழிநடத்தும் முறைக்கானது. வைஃபையை அவரே கண்டுபிடித்தார் என்பது மிகை. ஆனால் சுவையான மிகை. மார்கஸின் யோசனையை, ஏற்கெனவே உரிமம் வைத்திருந்தோரின் எதிர்ப்பைக் கடந்து, 1985 மே 9 அன்று ஆணையம் ஏற்றது. மூன்று கற்றைகள் திறக்கப்பட்டன. நிபந்தனை எளியது: திறன் ஒரு வாட்டுக்கு மிகக் கூடாது, பிறர் இரைச்சலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், உரிமம் வேண்டாம்.

யாருக்கு இது பயன்படும் என்று அன்று எவராலும் சொல்ல முடியவில்லை. நமக்கு இதுவே இந்த வரலாற்றின் மையமாகப் படுகிறது. உரிமம் கேட்பவர் என்ன செய்யப்போகிறோம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஏலம் கேட்பவர் எவ்வளவு ஈட்டப்போகிறோம் என்று கணக்கிட வேண்டும். திறந்த கற்றையில் இரண்டும் தேவையில்லை. கடைகளின் காசாளர் இயந்திரங்களைக் கம்பியின்றி இணைக்க முனைந்த என்சிஆர் நிறுவனத்தின் நெதர்லாந்துப் பிரிவிலிருந்து வந்த விக் ஹேய்ஸ், 1990 முதல் ஒரு பொதுத்தரத்துக்கான குழுவுக்குத் தலைமை வகித்தார். 802.11 என்ற அத்தரம் 1997இல் வெளியாயிற்று. 1999இல் ஆப்பிள் தன் மடிக்கணினியில் அதைச் சேர்த்தது. காசாளர் இயந்திரத்துக்காகத் தொடங்கியது வரவேற்பறைக்கு வந்து சேர்ந்தது.

உரிமையாளர் இல்லாத இடத்தில் ஒழுங்கு எப்படி நிலைக்கிறது? வைஃபைக் கருவி பேசுவதற்கு முன் காது கொடுத்துக் கேட்கிறது. வேறு யாரேனும் பேசினால் காத்திருக்கிறது. பேச்சு ஓய்ந்ததும், எல்லோரும் ஒருசேரப் பாயாதிருக்கத் தற்செயலான ஒரு கணநேரம் தாமதித்துப் பேசுகிறது. குழாயடி வரிசையை அறிந்த நமக்கு இது புதிதல்ல. ஆனால் அடுப்புக்குக் காது கிடையாது. அதனால்தான் மாலைப் படம் திணறுகிறது. நெரிசலும் உண்மையே. 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இருப்பது 83.5 மெகாஹெர்ட்ஸ், அதில் ஒன்றோடொன்று உராயாத தடங்கள் மூன்றே. இருபது வீடுகளுக்கு மூன்று தடங்கள்.

இனி ஏலத்தின் கதை. 1959இல் பொருளியலாளர் ரொனால்ட் கோஸ், அலைவரிசைகளை நிலம் போல விற்றுவிடலாம் என்று ஆணையத்தின் முன் சாட்சியம் அளித்தபோது, இது வேடிக்கைப் பேச்சா என்று ஓர் ஆணையர் அவரிடம் கேட்டார். அன்று உரிமங்கள் விசாரணை நடத்தி இலவசமாகத் தரப்பட்டன. தகுதி என்ற போர்வையில் செல்வாக்கு வென்றது. 1980களில் குலுக்கல் முறை வந்தது. 1989இல் குலுக்கலில் வென்ற பல் மருத்துவர்கள் சிலர், கேப் காட் பகுதியின் கைபேசி உரிமத்தை ஒரு தொலைபேசி நிறுவனத்துக்கு 4 கோடியே 10 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டு மீண்டும் பல் பிடுங்கப் போனார்கள். இக்கூத்தோடு ஒப்பிட்டால் ஏலம் நேர்மையான முறை என்பதில் நமக்கு ஐயமில்லை. 1993இல் சட்டம் இயற்றப்பட்டு, 1994 ஜூலையில் நடந்த முதல் ஏலம் 61.7 கோடி டாலர் ஈட்டியது. 2021இல் முடிந்த சி-பேண்ட் ஏலம் 8,100 கோடி டாலரைத் தாண்டியது.

வினை அங்கேதான் தொடங்குகிறது. ஏலம் கற்றையைப் பங்கிடும் கருவியாக வந்தது; நாளடைவில் வரவுசெலவுப் பள்ளத்தை நிரப்பும் கருவியாயிற்று. அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஒரு சட்டம் வரும்போது, அடுத்த பத்தாண்டுகளில் அதனால் கருவூலத்துக்கு எவ்வளவு வரும், எவ்வளவு போகும் என்று அதன் வரவுசெலவு அலுவலகம் கணித்துச் சொல்கிறது. விற்கும் கற்றைக்கு அந்தக் கணக்கில் ஒரு தொகை விழுகிறது. விற்காமல் எல்லோருக்கும் திறந்துவிடும் கற்றைக்கு விழுவது பூஜ்யம். கோடிக்கணக்கான வீடுகளின் பாடம், வேலை, மருத்துவரோடு உரையாடல் அத்தனையும் அந்தப் பூஜ்யத்துக்குள் அடங்கிவிடுகின்றன. தீர்வை ஏட்டில் புறம்போக்குக்கு நேர்ந்த அதே கதி.

2020 ஏப்ரலில் அமெரிக்க ஆணையம் 5925 முதல் 7125 மெகாஹெர்ட்ஸ் வரையிலான 1200 மெகாஹெர்ட்ஸை, அங்கே ஏற்கெனவே இருந்த நுண்ணலை இணைப்புகளுக்கு ஊறு நேராத வகையில், உரிமமின்றித் திறந்தது. பெருந்தொற்றால் உலகம் வீட்டுக்குள் அடைபட்டிருந்த மாதம் அது. தொலைபேசி நிறுவனம் ஒன்று தொடுத்த வழக்கை 2021 டிசம்பரில் நீதிமன்றம் பெரும்பாலும் தள்ளியது. 160 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஏழு தடங்கள், 320 அகலத்தில் மூன்று: வீட்டு வைஃபைக்கு இவ்வளவு பரந்த வெளி முன்பு கிடைத்ததில்லை.

2023 மார்ச்சில் அமெரிக்க ஆணையத்தின் ஏல அதிகாரம் காலாவதியாயிற்று. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான பெரும் வரிச் சட்டம் அதை 2034 வரை மீட்டுக் கொடுத்ததோடு, 1.3 முதல் 10.5 கிகாஹெர்ட்ஸுக்குள் 800 மெகாஹெர்ட்ஸை விற்றாக வேண்டும் என்றும் விதித்தது. எதிர்பார்க்கப்பட்ட வரவு சுமார் 8,500 கோடி டாலர். கீழவை நிறைவேற்றிய வடிவில் 6 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக் கற்றையை விற்கக் கூடாது என்ற பாதுகாப்பு இருந்தது. இறுதி வடிவில் அது இல்லை. ராணுவம் பயன்படுத்தும் இரு பகுதிகள் மட்டும் விலக்குப் பெற்றன. 2015இல் கடற்படை ரேடாரும், ஏலத்தில் முன்னுரிமை வாங்கியோரும், எதுவும் வாங்காத சிறிய பயனரும் படிநிலையாகப் பகிர்ந்துகொள்ள அமைக்கப்பட்ட 3.55–3.70 கிகாஹெர்ட்ஸ் பகுதிக்கும் விலக்கு இல்லை. சட்டம் வைஃபைக் கற்றையை விற்கச் சொல்லவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அது முதலில் சுட்டுவது சி-பேண்டின் மேற்பகுதியை. ஆயினும் 800 என்ற எண்ணை எங்கிருந்தாவது நிரப்பியாக வேண்டும். வேலி பிடுங்கப்பட்ட பிறகு, மாடு இன்னும் நுழையவில்லை என்பது எவ்வளவு ஆறுதல் தரும்?

திறந்ததைத் திரும்ப மூட முடியும் என்பதற்கு பிரேசில் சான்று. 2021இல் 1200 மெகாஹெர்ட்ஸ் முழுவதையும் வைஃபைக்குத் திறந்த அந்நாடு, பின்னர் மேற்பகுதியின் 700 மெகாஹெர்ட்ஸைக் கைபேசிச் சேவைக்கு மாற்ற முடிவெடுத்தது. இடையில், 2023 இறுதியில் துபாயில் கூடிய உலக வானொலி மாநாடு ஐரோப்பா, ஆப்பிரிக்கா உள்ளிட்ட பகுதிகளுக்கு மேற்பகுதியைக் கைபேசிக்கும் உரியதாக அடையாளம் காட்டியிருந்தது.

நம்மிடம் அலைக்கற்றை என்ற சொல்லே ஒரு வழக்கின் மூலமாகத்தான் வீட்டுச் சொல்லாயிற்று. 2010இல் வெளியான தணிக்கை அறிக்கையின் 1.76 லட்சம் கோடி ரூபாய், 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்த 122 உரிமங்கள், 2017 டிசம்பரில் விசாரணை நீதிமன்றம் அனைவரையும் விடுவித்தது எல்லாம் வாசகர் அறிந்தவையே. அந்த ஏழாண்டுகளில் தேநீர்க் கடைவரை பதிந்த எண்ணம், ஏலம் என்றால் நேர்மை, ஏலமின்மை என்றால் களவு என்பது. சிலருக்கு மட்டும் மலிவாகக் கொடுப்பதற்கும், எவருக்கும் தனியாகக் கொடுக்காமல் எல்லோருக்கும் விட்டுவைப்பதற்கும் உள்ள வேறுபாடு அந்த இரைச்சலில் மறைந்துபோயிற்று. வானலைகள் பொதுச்சொத்து என்று அதே உச்ச நீதிமன்றம் 1995இல் சொல்லியிருந்தது. பொதுச்சொத்தை நல்ல விலைக்கு விற்பது ஒரு வழி. பொதுவாகவே வைத்திருப்பது இன்னொரு வழி. 2005 ஜனவரியில் 2.4 கிகாஹெர்ட்ஸும், 2018 அக்டோபரில் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸும் இந்தியாவில் உரிமத் தேவையிலிருந்து விடுவிக்கப்பட்டபோது அவை எந்தத் தேநீர்க் கடையிலும் பேசப்படவில்லை.

2025 மே மாதம் இந்திய அரசு வெளியிட்ட வரைவு விதிகள், 5925 முதல் 6425 வரையிலான 500 மெகாஹெர்ட்ஸை வீட்டுக்குள் குறைந்த திறனில் உரிமமின்றிப் பயன்படுத்த இடமளித்தன. கைபேசி நிறுவனங்களின் சங்கம் கற்றை முழுவதையும் தமக்கே கேட்டுவந்தது. மேற்பகுதி கைபேசிச் சேவைக்கு என்ற திசையிலேயே அரசும் நகர்ந்தது. கீழ்ப்பகுதியில் 160 மெகாஹெர்ட்ஸ் அகலத் தடங்கள் மூன்று அமையும். 320 அகலத்தில் ஒன்றே ஒன்று. நம் அடுக்ககத்தின் பட்டியலில் நேற்று மாலை இருபத்திரண்டு பெயர்கள் இருந்தன.