ஈப்போ வீட்டு முற்றத்தில் பெரிய தொலைநோக்கி: வாங்கியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

எட்டு அங்குலத் தொலைநோக்கி வீட்டுக்கு வந்து இறங்கியதும் குடும்பம் முதலில் மலைப்பது அதன் உருவத்தைப் பார்த்துத்தான். குழாய் மட்டும் ஏறக்குறைய நான்கடி நீளம். அடிப்பலகையோடு சேர்த்தால் எடை 20 கிலோவைத் தாண்டும். விலையும் ஆயிரக்கணக்கான வெள்ளி. ஆனால் உடன்வரும் கையேடும் யூடியூப் பாடங்களும் பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய முற்றங்களுக்காகச் செய்யப்பட்டவை. பேராக்கின் வானமும் காற்றும் வேறு. அந்த வேறுபாட்டைக் கவனிக்காத வீடுகளில் சில மாதங்களிலேயே கருவி ஸ்டோர் அறைக்குப் போய், லென்சில் பூஞ்சை பிடித்துவிடுகிறது.

வீட்டு உபயோகத்துக்கான பெரிய தொலைநோக்கிகளில் அதிகம் விற்பது டாப்சோனியன் வகை. 1915இல் பெய்ஜிங்கில் பிறந்து, சான் பிரான்சிஸ்கோவில் வாழ்ந்த ஜான் டாப்சன் பரப்பிய எளிய அமைப்பு அது. அவரும் நண்பர்களும் 1968இல் நடைபாதை வானியலாளர்கள் என்ற குழுவைத் தொடங்கி, தெருவில் போவோர் வருவோருக்கெல்லாம் நிலாவைக் காட்டினார்கள். பெரிய குழாயை ஒரு பலகைப் பெட்டியில் உட்கார வைத்து, கையால் மேலும் கீழும் பக்கவாட்டிலும் தள்ளிப் பார்ப்பதுதான் முறை. அடிப்படை மாடலுக்கு மோட்டாரும் மின்சாரமும் தேவையில்லை.

பேராக்கில் இந்த வகைக்கு இன்னொரு சாதகமும் உண்டு. மற்றொரு வகையான ஈக்குவட்டோரியல் தாங்கியைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி நிறுத்த வேண்டும். துருவ நட்சத்திரம் ஓர் ஊரின் அட்சரேகை எத்தனை பாகையோ அத்தனை பாகை உயரத்தில்தான் நிற்கும். ஈப்போவுக்கு அது சுமார் 4.6 பாகை. கையை நீட்டிப் பிடித்தால் மூன்று விரல் அகலம்கூட வராது. சுண்ணாம்புக்கல் மலையோ செம்பனை மரமோ அடிவானப் புகைமூட்டமோ அதை மறைத்துவிடும். கடைக்காரர் எவ்வளவு புகழ்ந்தாலும், முதல் கருவிக்கு டாப்சோனியனே நல்லது.

பொருத்திய பிறகு முதல் வேலையைப் பகலிலேயே முடித்துவிடலாம். குழாயின் மேலிருக்கும் சிறிய குறிபார்க்கும் கருவியும் பெரிய குழாயும் ஒரே இடத்தைக் காட்ட வேண்டும். மாலையில், சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள மலை உச்சி மரத்தையோ தொலைத்தொடர்புக் கோபுரத்தையோ குறிவைத்துச் சரிசெய்யலாம். காட்சி தலைகீழாகத் தெரிவது கோளாறு அல்ல. சூரியன் பக்கம் மட்டும் ஒருபோதும் திருப்பக் கூடாது. ஒரு கணம் பார்த்தாலும் கண் போய்விடும். பிள்ளைகள் உள்ள வீட்டில் பகலில் இரண்டு மூடிகளும் மூடியே இருக்கட்டும்.

இனி ஈரம். குளிர்நாட்டுக் கையேடுகள், ஆடி குளிர்வதற்காகக் கருவியை ஒரு மணி நேரம் முன்பே வெளியே வைக்கச் சொல்லும். இங்கே ஆபத்து எதிர்த்திசையில் வருகிறது. ஏர்கோன் அறையில் இருந்த தொலைநோக்கியை நேராக முற்றத்துக்குக் கொண்டுவந்தால், தே ஓ ஐஸ் குவளையின் வெளிப்புறம் வியர்ப்பது போல ஆடியும் வியர்த்துவிடும். ஏர்கோன் இல்லாத, காற்றோட்டமுள்ள அறையில் வைப்பதே சரி. பார்த்து முடித்ததும் ஈரத்தோடு மூடிவிடாமல், மின்விசிறிக்குக் கீழே உலரவிட்டு மூட வேண்டும். கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸ் லென்சுகளைக் காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைத்தால் பூஞ்சை அண்டாது. ஆடியில் கொஞ்சம் தூசி படிந்தால் துடைக்க வேண்டாம். தூசியால் கெடுவதைவிடத் துணியால் கெடுவதே அதிகம். அடிப்பலகை பெரும்பாலும் மரத்தூளை அழுத்திச் செய்தது. ஈரப் புல்லில் நேரடியாக வைத்தால் ஊதிவிடும். மூலைகளுக்குக் கீழே பழைய ஓட்டுத்துண்டுகள் போதும். குழாய்க்குள் பல்லியும் குளவியும் குடியேறாமல் அவ்வப்போது பார்த்துக்கொள்வதும் நல்லது.

கொசு விரட்டி மருந்தைப் பூசிய கையால் லென்சைத் தொடக் கூடாது. சில மருந்துகள் பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும். முழுக்கைச் சட்டையே மேல்.

நிலாவையும் கோள்களையும் ஈப்போ தாமான் முற்றத்திலிருந்தே நன்றாகப் பார்க்கலாம். பகல் முழுதும் சூடேறிய சிமெண்டுத் தரையும் கூரையும் வெப்பக் காற்றைக் கிளப்பிக் காட்சியை ஆட்டும் என்பதால் புல்தரை நல்லது. நட்சத்திரக் கொத்துகளும் மேகமண்டலங்களும் வேண்டுமென்றால் நகர வெளிச்சத்தை விட்டு விலக வேண்டும். சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர் பக்கத்துப் பழைய தோட்டங்கள் இதற்கு ஏற்றவை. பெரட்டுக்குப் போகும் இருட்டில் விடிவெள்ளியைப் பார்த்து நேரம் சொன்ன தலைமுறை வாழ்ந்த இடங்கள் அவை. பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்களும் பல இடங்களில் இல்லை. ஆனாலும் கோயில் திடலோ தமிழ்ப்பள்ளித் திடலோ மிச்சமிருக்கும் தோட்டங்கள் உண்டு. தோட்டம் தனியார் நிலம் என்பதால் நிர்வாகத்திடமும் கோயில் குழுவிடமும் முன்கூட்டியே அனுமதி கேட்டு, நான்கைந்து பேராகப் போவதே முறை. செம்பனைக்குள் பாம்பு உண்டு. கரடுமுரடான தோட்டச் சாலையில் காரில் குலுங்கினால் ஆடிகளின் ஒழுங்கும் கலையும். ஆகவே போய்ச் சேர்ந்ததும் அதைச் சரிபார்க்க வேண்டும். மழைக்குப் பேர்போன தைப்பிங் பக்கம் இருப்பவர்களுக்குப் பொறுமை இன்னும் கொஞ்சம் அதிகமாகவே தேவைப்படும்.

இத்தனைக்கும் ஈடாகப் பேராக்குக்குக் கிடைத்திருப்பது ஏறக்குறைய முழு வானம். தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையில் உள்ள காவலூரில் 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு ஆய்வுப் பணி தொடங்கியது. வானியலாளர் வைணு பாப்பு அந்த இடத்தைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம், தென்வானமும் அங்கிருந்து நன்றாகத் தெரியும் என்பது. ஈப்போ காவலூரைவிட ஏறக்குறைய எட்டுப் பாகை தெற்கே இருக்கிறது.

ஜூன் நடுவில், மேகமில்லாத ஓர் இரவில், 9 மணிக்கு வடக்கே பார்த்தால் சப்தரிஷி மண்டலம். அதன் வால் நடுவில் வசிஷ்டரும், திருமணத்தில் மணமக்களுக்குக் காட்டப்படும் அருந்ததியும் பாதி உயரத்துக்குச் சற்றுக் கீழே நிற்பார்கள். தொலைநோக்கியில் வசிஷ்டரே இரண்டு நட்சத்திரமாகப் பிரிந்து தெரிவார். உச்சிக்குச் சற்றுத் தெற்கே சித்திரை நட்சத்திரம். அதே கோட்டில் இன்னும் தெற்கே இறங்கினால், அருந்ததிக்கு ஏறக்குறைய சமமான உயரத்தில், மங்கிய பஞ்சுத் துணுக்கு போன்ற ஒமேகா சென்டாரி. எட்டு அங்குல ஆடியில் அது கொட்டிய ரவையைப் போல ஆயிரக்கணக்கான புள்ளிகளாக உடையும். உண்மையில் அதில் சுமார் ஒரு கோடி நட்சத்திரங்கள் உள்ளன. தூரம் ஏறக்குறைய 17,000 ஒளி ஆண்டுகள். லண்டன்காரர் இதை வீட்டிலிருந்து பார்க்கவே முடியாது. ஜனவரி முதல் மார்ச் வரை, திருவாதிரைக்கு அருகிலுள்ள ஓரியன் மேகமண்டலம் கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே வரும்.

தலைக்கு மேலே வருவதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. டாப்சோனியனை நேர் உச்சியில் பக்கவாட்டில் தள்ளுவது கடினம். இங்கே நிலாவும் வியாழனும் சனியும் அடிக்கடி உச்சிக்கு அருகில் போகும். ஒன்றிரண்டு மணி நேரம் முன்போ பின்போ பார்த்தால் குழாய் சொன்னபடி கேட்கும்.

உருப்பெருக்க எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். 1200 மில்லிமீட்டர் குவியத்தூரமுள்ள குழாயில் 25 மில்லிமீட்டர் ஐபீஸ் 48 மடங்கும், 10 மில்லிமீட்டர் ஐபீஸ் 120 மடங்கும் தரும். எப்போதும் குறைந்ததில் தொடங்க வேண்டும். இந்த ஆடியின் உண்மையான பலம் வெளிச்சம்: இருட்டில் விரிந்த கண்மணியைவிடச் சுமார் 800 மடங்கு ஒளியை அது சேர்க்கும். அப்படியும் மேகமண்டலங்கள் படங்களில் வருவது போலச் சிவப்பும் நீலமுமாகத் தெரியாது. சாம்பல் நிறமாகவே இருக்கும். கைப்பேசியை அணைத்துவிட்டு இருபது, முப்பது நிமிடம் இருட்டில் பழகிய கண்ணுக்கு மட்டுமே அந்தச் சாம்பலின் மடிப்புகள் புலப்படும்.

பள்ளியிலோ கோயில் திடலிலோ பிள்ளைகளுக்குக் காட்ட நினைப்பவர்கள் நேரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். மலேசியக் கடிகாரப்படி ஈப்போவில் முழு இருட்டாக இரவு 8.30 ஆகிவிடும், மறுநாள் பள்ளி இருக்கும். வளர்பிறை பஞ்சமி அல்லது சஷ்டி மாலையைத் தேர்ந்தெடுத்தால் இருட்டுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. 7.30 மணிக்கே நிலா மேற்கில் பாதி உயரத்தில் நிற்கும், பள்ளங்களின் நிழலும் தெளிவாக விழும். அந்த உயரத்தில் ஐபீஸ் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்துக்கு இறங்கிவிடுவதால் முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கும் நாற்காலி தேவைப்படாது.